கிட்டார் வாசிக்கத் தெரியாத கிட்டார் மன்னன்... காவலுக்கு ஒரு குட்டி ஃபியூஸ்! லியோ ஃபெண்டரின் கதை

பீஸ் போன பல்பு! நண்பர்களைக் கலாய்க்க நாம் சர்வசாதாரணமாகப் பயன்படுத்தும் வார்த்தை. ஆனா, ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஃபியூஸ் போறது அவ்வளவு கேவலமான விஷயமா? தான் உருகி, தனக்குப் பின்னால் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. செத்துப்போவதற்காகவே டிசைன் செய்யப்பட்ட பாகம் அது.

அந்தக் குட்டிக் கண்ணாடிக் குழாயைப் புரிந்துகொள்ள, ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கைக்குள் போகலாம். அவர் பெயர் லியோ ஃபெண்டர். ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் என்ற பெயர்களை கிட்டார் பக்கமே போகாதவர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றை உருவாக்கியவர் இவர்தான். இதில் செம ட்விஸ்ட் என்னவென்றால், அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ட்யூன் பண்ணவும் வராது. தெரிந்ததெல்லாம் ரிப்பேர்!

அந்த ரிப்பேர்க்காரரின் புத்திதான் இந்தக் கதையின் ஹீரோ.

ஆரஞ்சுத் தோட்டத்துப் பையன்

1909 ஆகஸ்ட் 10. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், அனஹைம், ஃபுல்லர்ட்டன் ஊர்களுக்கு நடுவே ஓர் ஆரஞ்சுத் தோட்டம். அங்கே விவசாயம் பார்த்த குடும்பத்தில் பிறந்தார் லியோ. எட்டு வயதில் இடது கண்ணில் கட்டி வந்தது. கண்ணையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதன் பிறகு வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக் கண்தான்.

லியோவின் மாமா ஒருவர், சான்டா மரியா என்ற ஊரில் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் கடை வைத்திருந்தார். லியோவின் பதின்ம வயதில், கழித்துப்போட்ட ரேடியோ பாகங்களையும் ஒரு பேட்டரியையும் பெட்டியில் போட்டு அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு அந்தக் கடைக்கே போனான் பையன். அங்கே மாமா தன் கையால் செய்த ரேடியோ ஒன்று, ஸ்பீக்கர் வழியாகச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், ஆள் காலி! அந்தச் சத்தம் கடைசிவரை அவர் காதைவிட்டுப் போகவே இல்லை.

எலெக்ட்ரானிக்ஸ் படித்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. 1928-ல் பள்ளி முடித்துவிட்டு, ஜூனியர் காலேஜில் படித்தது அக்கவுன்டிங். மின்சாரம் முழுக்க முழுக்கக் கைப்பழக்கம். இன்றைக்கு நீங்கள் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வதை, அவர் ரேடியோக்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

வேலை போச்சு... 600 டாலர் கடன்!

முதலில் ஒரு ஐஸ் கம்பெனியில் டெலிவரி வேலை. பிறகு அங்கேயே கணக்கு எழுதும் வேலை. இடையில் ஓர் இசைக்குழுத் தலைவர் கேட்டுக்கொண்டதால், நடன அரங்குகளுக்கு ஆறு மைக்செட்கள் செய்துகொடுத்தார். 1934-ல் எஸ்தரைக் கல்யாணம் செய்துகொண்டார். நெடுஞ்சாலைத் துறையில் அக்கவுன்டன்ட் ஆனார்.

அப்போது அமெரிக்காவையே பொருளாதாரப் பெருமந்தம் உலுக்கிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலைத் துறை வேலை போனது. ஒரு டயர் கம்பெனியில் சேர்ந்தார். ஆறே மாதத்தில் அதுவும் போனது.

இன்றைய ஐ.டி லே-ஆஃப் செய்திகளைப் படிக்கும்போது வருமே ஒரு பயம்... அதே பயம்தான் அன்றைக்கு அவருக்கும் இருந்திருக்கும். ஆனால், 1938-ல் 600 டாலர் கடன் வாங்கிக்கொண்டு சொந்த ஊரான ஃபுல்லர்ட்டனுக்கே திரும்பினார். ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ் என்று கடை திறந்தார்.

ரேடியோ, ரெக்கார்டு ப்ளேயர், மைக்செட் என எல்லாமே ரிப்பேருக்கு வந்தன. எலெக்ட்ரிக் கிட்டார் அப்போதுதான் பிரபலமாக ஆரம்பித்த காலம். இசைக் கலைஞர்களும் தங்கள் ஆம்ப்ளிஃபையர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் உலகப்போர் வந்தபோது, கண்ணாடிக் கண் காரணமாக லியோ ராணுவத்துக்குப் போகவில்லை. கடை தொடர்ந்து ஓடியது.

ஒரு ரிப்பேர் கடை கற்றுக்கொடுப்பதை எந்த காலேஜும் கற்றுக்கொடுக்காது. எந்தப் பாகம் முதலில் போகும், அது போனால் கூட எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும், எதை மாற்ற ஐந்து நிமிஷம், எதை மாற்ற ஐந்து மணி நேரம்... எல்லாம் கை விரலிலேயே பதிந்துவிடும். கணக்குப்பிள்ளை மூளையும் சேர்ந்தால்? ஒரு பாகம் போனால் எவ்வளவு நஷ்டம் என்பதும் மனதில் ஓடும்.

பெட்டிக்குள் 400 வோல்ட்!

டாக் காஃப்மேன் என்ற கிட்டார் கலைஞருடன் சேர்ந்து 1945 வாக்கில் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்களையும் சின்ன ஆம்ப்ளிஃபையர்களையும் தயாரித்தார் லியோ. 1946-ல் காஃப்மேன் விலகிக்கொண்டார். லியோ தனி ஆளாக ஃபெண்டர் கம்பெனியைத் தொடர்ந்தார்.

அந்த ஆம்ப்ளிஃபையருக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். உங்கள் தாத்தா காலத்து வால்வு ரேடியோவைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே கண்ணாடிக் குழாய்கள் மங்கலாக எரியுமே... அதே வால்வுகள்தான் கிட்டார் ஆம்பிலும். அவற்றுக்கு இரண்டு விதமான சாப்பாடு தேவை. உள்ளே இருக்கும் ஹீட்டர் இழையைச் சூடாக்க, பெரும்பாலும் வெறும் 6.3 வோல்ட். வால்வு வேலை செய்ய, பல நூறு வோல்ட் டி.சி. பெரிய ஆம்ப்களில் 400 வோல்ட்டைத் தாண்டும். இதைத்தான் ஹை டென்ஷன், சுருக்கமாக ஹெச்.டி என்பார்கள்.

சுவரிலிருந்து வரும் ஏ.சி மின்சாரத்தை பவர் டிரான்ஸ்ஃபார்மர் இந்த இரண்டாகவும் பிரித்துக் கொடுக்கும். ரெக்டிஃபையர் அதை டி.சி ஆக்கும். கெப்பாசிட்டர்கள், அதாங்க... சீலிங் ஃபேனில் மாத்துற கண்டன்சருக்குத் தூரத்துச் சொந்தம், அலை அலையாக வரும் கரன்ட்டைச் சமன்படுத்தும்.

இந்தப் பெட்டியில் மாற்றுவதற்குக் கஷ்டமான, காசும் அதிகம் பிடிக்கும் பாகங்கள் டிரான்ஸ்ஃபார்மர்கள். அடிக்கடி போகும் பாகங்கள் வால்வுகள். அதாவது, ஒரு வால்வு ஷார்ட் ஆனால், டிரான்ஸ்ஃபார்மர் தன்னால் முடிந்த மட்டும் கரன்ட்டை அள்ளி அள்ளிக் கொடுத்து, கடைசியில் தானே வெந்துபோகும். மோசமான நாளாக இருந்தால் தீயே பிடிக்கலாம். இடையில் ஒருவர் நின்று `நிறுத்து' என்று கையைத் தூக்க வேண்டும். அந்த ஒருவர்தான் ஃபியூஸ்.

1950-களின் ஃபெண்டர் ஆம்ப்களில், வால்யூம் திருகுகள் இருக்கும் அதே பேனலில், பவர் ஸ்விட்ச் பக்கத்தில் ஃபியூஸ் மூடி இருக்கும். திருகினால் வெளியே வந்துவிடும். பெட்டியைக் கழற்ற வேண்டாம். மேடைக்குப் பின்னால் நிற்கும் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். முதலில் போக வேண்டிய பாகம், முதலில் கைக்கு எட்டும் இடத்தில்!

மெதுவா உருகணுமா... சட்டுனு உருகணுமா?

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குவார்கள். 2 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்போம். இல்லவே இல்லை.

வால்வு ஆம்பை ஆன் செய்யும் அந்த முதல் நொடியை யோசித்துப் பாருங்கள். ஹீட்டர் இழைகள் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த இழையின் மின்தடை மிகக் குறைவு என்பதால், சூடான பிறகு எடுக்கும் கரன்ட்டைப்போலப் பல மடங்கு இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகமும் அந்த நொடியில் ஒரு வாய் அதிகமாக விழுங்கும். காலியாக இருக்கும் கெப்பாசிட்டர்களும் பசியோடு காத்திருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு திடீர் வெள்ளம். சில நொடிகளில் வடிந்துவிடும். இது கோளாறு இல்லை, இயல்பு.

சட்டென உருகும் ஃபியூஸை அங்கே போட்டால், இந்த இயல்பான வெள்ளத்தையே ஆபத்து என்று நினைத்து உயிரை விட்டுவிடும். வெறுத்துப்போய் நீங்கள் என்ன செய்வீர்கள்? பெரிய ஃபியூஸைத் தேடுவீர்கள். அங்கேதான் பாதுகாப்பு கைநழுவும்.

அதனால்தான், சுவர் மின்சாரம் நுழையும் இடத்தில் மெதுவாக உருகும் வகையை, அதாவது ஸ்லோ-ப்ளோ ஃபியூஸைப் போடுகிறார்கள். சின்ன வெள்ளத்தைப் பொறுத்துக்கொள்ளும். நீடித்த ஆபத்தைப் பொறுத்துக்கொள்ளாது. ஃபியூஸின் உலோக மூடியில் பொடி எழுத்தில் இந்த வகையைப் போட்டிருப்பார்கள். `டைம்' என்ற சொல்லின் முதல் ஆங்கில எழுத்து இருந்தால் மெதுவானது. `ஃபாஸ்ட்' என்பதன் முதல் எழுத்து இருந்தால் வேகமானது. மொபைல் கேமராவில் ஜூம் செய்து பாருங்க, தெளிவா தெரியும்.

இன்னொரு ரகசியம். 2 ஆம்பியர் ஃபியூஸ் 2 ஆம்பியரில் உருகாது! அந்த அளவைத் தொடர்ந்து தாங்கும் என்பதுதான் அதன் அர்த்தம். கொஞ்சம் தாண்டினாலும் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். பல மடங்கு தாண்டினால்தான் சடாரென்று போகும்.

டேப்பில் எழுதிய பெயர்கள்

மறுபடி லியோவிடம் வருவோம். 1950-ல் கட்டை உடம்பு கொண்ட எலெக்ட்ரிக் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ப்ராட்காஸ்டர் என்று பெயர் வைத்தார். கிட்டத்தட்ட அதே பெயர் தங்களிடம் இருப்பதாக இன்னொரு கம்பெனி சொல்லவே, 1951-ல் டெலிகாஸ்டர் ஆனது. அதே ஆண்டில் ப்ரிசிஷன் பேஸ் வந்தது. ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த கலைஞர்கள், ஒரு கிட்டாரைப்போல பேஸைத் தோளில் மாட்டிக்கொள்ள முடிந்தது. 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர்.

இந்த கிட்டார்களின் கழுத்து, உடம்போடு பசை போட்டு ஒட்டப்படவில்லை. நான்கு ஸ்க்ரூ. கழுத்து கெட்டுப்போனால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். மரத்தச்சரின் கௌரவத்தைவிட, ரிப்பேர்க்காரரின் வசதிதான் அவருக்குப் பெரிதாகப்பட்டது.

ஆம்ப்களிலும் இதே கதைதான். பாகங்களை ஓர் அட்டைப் பலகையில் வரிசையாகப் பற்றவைத்திருப்பார்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எந்த இடத்தில் எந்த வால்வு என்று பெட்டிக்குள்ளேயே ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஃபுல்லர்ட்டன் தொழிற்சாலையில் இவற்றைப் பற்றவைத்தவர்களில் பலர் பெண்கள். தாங்கள் முடித்த ஆம்பின் உள்ளே, சின்ன டேப் துண்டில் தங்கள் பெயரை எழுதி ஒட்டினார்கள். 60, 70 ஆண்டுகள் கழித்து ஆம்பைத் திறக்கும் மெக்கானிக்குகள் அந்தப் பெயர்களைப் பார்த்துச் சிலிர்க்கிறார்கள். இத்தனை ஆண்டு கழித்தும் அந்தப் பெட்டிகள் பாடுகின்றன என்றால், சரியான நேரத்தில் உருகிப்போன ஃபியூஸ்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆம்பைக் கொளுத்திய சர்ஃபர்

1950-களின் கடைசியில் லியோவுக்கு ஒரு சவால் வந்தது. பெயர், டிக் டேல். கடலில் அலைச்சறுக்கு, மேடையில் கிட்டார். பல்போவா கடற்கரையின் ரான்டேவூ பால்ரூமில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஆட, அந்தக் கூட்டத்தையும் மீறி ஒலிக்க வேண்டும் என்று வால்யூமை முழுசாகத் திருப்புவார். விளைவு? லியோ கொடுத்த ஆம்ப்களும் ஸ்பீக்கர்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைந்தன.

வேறு முதலாளியாக இருந்தால், வால்யூமைக் குறைத்து வாசிப்பா என்றிருப்பார். லியோ, தன் சகா ஃப்ரெடி டவாரஸுடன் அந்த அரங்குக்கே போய்க் கூட்டத்துக்கு நடுவில் நின்று கேட்டார். பிரச்னை புரிந்தது. பெரிய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 6எல்6 வால்வுகள், 15 அங்குல ஸ்பீக்கர்கள் என்று வளர்ந்து, சுமார் 85 வாட் சக்தியோடு டூயல் ஷோமேன் ஆம்ப் பிறந்தது.

இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. பெரிய சத்தம் கேட்டபோது, அவர் டிரான்ஸ்ஃபார்மரையும் வால்வையும் ஸ்பீக்கரையும் சேர்த்தே பெரிதாக்கினார். ஃபியூஸை மட்டும் பெரிதாக்குவது தீர்வே இல்லை. பின்னால் இருக்கும் பாகங்கள் தாங்கும் அளவுக்குத்தான் ஃபியூஸ் வளர வேண்டும். அடிக்கடி போகிறது என்பதற்காக வளரக் கூடாது.

லண்டன் போன ஆம்ப்... பாதியான ஃபியூஸ்!

ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்ப், பேஸ் கிட்டாருக்காகச் செய்யப்பட்டது. ஆனால், கிட்டார் கலைஞர்கள்தான் அதைக் கொண்டாடினார்கள். 1962-ல் லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவர் குழுவினரும், இந்த பேஸ்மேன் சர்க்யூட்டை அடிப்படையாக வைத்துத் தங்கள் முதல் ஆம்பை உருவாக்கினார்கள். அதுதான் ஜே.டி.எம் 45. ராக் இசையின் உறுமலே அங்கிருந்துதான் வளர்ந்தது. 1969-ல் வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் நின்றபோது, கையில் லியோவின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், முதுகுக்குப் பின்னால் மார்ஷல் ஆம்ப்கள். மகனும் பேரனும் ஒரே மேடையில்!

ஆனால், கடல் தாண்டும்போது ஒரு கணக்கு மாறும். அமெரிக்காவில் சுவரில் சுமார் 120 வோல்ட். இங்கிலாந்தில் அன்றைக்கு 240. நம் வீட்டில் 230.

ஓர் உதாரணம் போடுவோம். ஓர் ஆம்ப் முழு வேகத்தில் சுவரிலிருந்து 150 வாட் எடுக்கிறது. 120 வோல்ட்டில் அது 1.25 ஆம்பியர். அங்கே 2 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் பொருத்தம். அதே ஆம்பை 230 வோல்ட்டுக்கு மாற்றினால், சுமார் 0.65 ஆம்பியர்தான். இங்கே 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ போதும். பழைய 2 ஆம்பியரையே விட்டுவைத்தால் என்ன ஆகும்? 230-ஐ 2-ஆல் பெருக்குங்கள். 460 வாட். 150 வாட் ஆம்ப், அதைவிட மூன்று மடங்கு விழுங்கினாலும் ஃபியூஸ் அசராது. டிரான்ஸ்ஃபார்மர் வேகும் வாசனைதான் உங்களுக்கு முதல் எச்சரிக்கை.

மார்ஷல் ஆம்ப்களில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டியது. சுவர்ப் பக்க ஃபியூஸோடு, ஹெச்.டி வழியிலும் தனியாக ஒரு ஃபியூஸ் உண்டு. பொதுவாக 50 வாட் மாடல்களில் 500 மில்லிஆம்பியர், 100 வாட்டில் 1 ஆம்பியர். எதற்கு இரண்டாவது காவல்காரர்?

ஒரு பவர் வால்வு கட்டுப்பாட்டை இழந்து, 450 வோல்ட் வழியில் 0.3 ஆம்பியர் கூடுதலாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 135 வாட் வெட்டியாகச் சூடாகிறது. வால்வின் உள்தகடு சிவந்து பழுக்கும். ஆனால், 120 வோல்ட் சுவர்ப் பக்கத்தில் இது 1.1 ஆம்பியர் உயர்வு மட்டுமே. அங்கிருக்கும் 2 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது சின்ன முணுமுணுப்பு. ஹெச்.டி வழியிலோ அதே கோளாறு, வழக்கமான கரன்ட்டைப்போலப் பல மடங்காகத் தெரியும். அளவு சரியாக இருந்தால், அங்கே நிற்கும் ஃபியூஸ்தான் முதலில் கத்தும். வாசலில் ஒரு வாட்ச்மேன் இருந்தாலும், லாக்கர் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும் இல்லையா?

அந்த இடத்துக்கான ஃபியூஸ் வாங்கும்போது ஆம்பியரை மட்டும் பார்க்காதீர்கள், வோல்ட்டையும் பாருங்கள். ஏ.சி மின்சாரம் நொடிக்குப் பல முறை பூஜ்ஜியத்தைத் தொடும். அப்போது உருகிய இடத்தில் எழும் பொறி தானாக அணையும். டி.சி-க்கு அந்த ஓய்வே கிடையாது. 250 வோல்ட் ஏ.சி என்று போட்ட ஃபியூஸ், 450 வோல்ட் டி.சி-யில் உருகிய பிறகும் பொறி வழியாகக் கரன்ட்டை விட வாய்ப்பிருக்கிறது. அந்த வோல்ட்டுக்கே தகுதியான ஃபியூஸைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஃபியூஸ் உங்களைக் காப்பாற்றாது!

லியோவைக் கொண்டாடும்போது, அந்தக் காலத்து ஆம்ப்களின் குறையையும் சொல்லியாக வேண்டும். 1950, 60-களின் பல ஃபெண்டர் ஆம்ப்களில் எர்த் கிடையாது. ரெண்டே பின். திருப்பிச் செருகினாலும் போகும். அதாவது, ஃபியூஸ் இருக்கும் வயர் லைவ்வா, நியூட்ரலா என்பது நீங்கள் எப்படிச் செருகினீர்கள் என்பதைப் பொறுத்தது. போதாததற்கு, இரைச்சலைக் குறைப்பதற்காகச் சுவர் மின்சாரத்துக்கும் ஆம்பின் உலோக உடம்புக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் வேறு. அது ஷார்ட் ஆனால், கிட்டார் கம்பியில் கரன்ட் வரும். அந்தப் பாகத்துக்கு மெக்கானிக்குகள் வைத்த செல்லப்பெயர், மரண கெப்பாசிட்டர். அன்றைய வழக்கம் அது. பிற கம்பெனிகளும் அப்படித்தான் செய்தன.

இதில் ஒரு முக்கியமான உண்மை ஒளிந்திருக்கிறது. மனித உயிரை எடுக்க ஆம்பியர் கணக்கில் கரன்ட் தேவையில்லை, சில பத்து மில்லிஆம்பியரே போதும். 2 ஆம்பியர் ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஃபியூஸ் காப்பாற்றுவது டிரான்ஸ்ஃபார்மரையும் வீட்டையும். உங்களைக் காப்பாற்றுவது மூன்று பின் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும்தான். பழைய ஆம்ப் கைக்கு வந்தால், மூன்று கம்பி வயர் போடுவது, அந்த கெப்பாசிட்டரை எடுப்பது, ஃபியூஸ் லைவ் வயரில் இருக்கும்படி செய்வது... இந்த மூன்றும் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டிய முதல் வேலைகள்.

130 லட்சம் டாலருக்குப் பிறகும் பட்டறைதான்

1950-களின் நடுவில் லியோவுக்கு சைனஸில் ஒரு தொற்று வந்தது. ஆண்டுக்கணக்கில் விடவில்லை. தனக்கு அதிக நாள் இல்லை என்றே நினைத்தவர், 1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ் நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். 600 டாலர் கடனில் ஆரம்பித்த கடை அது!

கதை அதோடு முடியவில்லை. வேறொரு டாக்டரிடம் போனார். நோய் குணமாகிவிட்டது. கையில் பணம், உடம்பில் தெம்பு. ஜாலியாக ரிட்டயர் ஆகியிருக்கலாம். ஆனால், மறுபடியும் பட்டறைக்குப் போனார். 1970-களில் மியூசிக் மேன். பிறகு, பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் சேர்ந்து ஜி அண்ட் எல். 1979-ல் எஸ்தர் இறந்தார். அடுத்த ஆண்டு ஃபில்லிஸைத் திருமணம் செய்துகொண்டார். பார்க்கின்சன் நோய் உடம்பை மெள்ள மெள்ளக் கட்டிப்போட்டபோதும், கடைசி நாள்கள் வரை வேலைக்குப் போனார். 1991 மார்ச் 21 அன்று ஃபுல்லர்ட்டனில் காலமானார். மறு ஆண்டே ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்ந்தது. கிட்டார் வாசிக்கவே தெரியாத மனிதருக்கு!

உங்க கைக்கு ஒரு வால்வு ஆம்ப் வந்தால்...

செகண்ட் ஹேண்டிலோ, நண்பரிடமிருந்தோ ஒரு வால்வு ஆம்ப் வந்தால், இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

* பின்பக்கம் அச்சிட்டிருக்கும் ஃபியூஸ் அளவும் வகையும்தான் வேதம். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஃபியூஸை நம்பாதீர்கள். முந்தைய உரிமையாளர் என்ன போட்டாரோ, யார் கண்டது?

* உங்கள் வீட்டு வோல்ட்டுக்கான அளவா என்று பாருங்கள். 120 வோல்ட்டுக்குச் சொன்னதை 230-க்குப் போடக் கூடாது. ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரே 120 வோல்ட்டுக்கு மட்டும் என்றால், நேராகச் செருகவே கூடாது.

* அச்சு அழிந்துபோயிருந்தால், முழு வேகத்தில் ஆம்ப் எடுக்கும் வாட்டை வீட்டு வோல்ட்டால் வகுங்கள். வரும் ஆம்பியரைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்குள் கிடைக்கும் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் ஒரு நல்ல தொடக்கம். மெக்கானிக்கிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

* நீளத்தையும் பாருங்கள். அமெரிக்க ஆம்ப்களில் பெரும்பாலும் ஒன்றே கால் அங்குல ஃபியூஸ். ஐரோப்பிய வகை 20 மில்லிமீட்டர். ஸ்பேர் நாலு எப்போதும் கிட்டார் பையில் இருக்கட்டும்.

* ஃபியூஸ் போனால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு முறை மாற்றுங்கள். மறுபடியும் போனால் நிறுத்திவிடுங்கள். மூன்றாவது ஃபியூஸ் போட வேண்டாம். மெக்கானிக் சீரிஸ் லேம்ப்பில் போட்டுப் பார்ப்பார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

* சாக்லேட் பேப்பரைச் சுற்றுவது, கம்பி வைத்துக் கட்டுவது... வேண்டவே வேண்டாம். அன்றைய ஷோ நடந்துவிடும். ஆனால், டிரான்ஸ்ஃபார்மரே இனி ஃபியூஸ் ஆகிவிடும்.

* பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று உள்ளே கை வைக்காதீர்கள். கெப்பாசிட்டர்களில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கும். ஃபியூஸ் மாற்றுவது உங்கள் வேலை. பெட்டியைத் திறப்பது பயிற்சி பெற்றவரின் வேலை.

பிழையே வராத பொருளைச் செய்ய லியோ முயலவில்லை. பிழை வரும், கட்டாயம் வரும் என்று ஒப்புக்கொண்டு, அது வரும்போது எது போகலாம், எது போகக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்தார். கழுத்தில் நான்கு ஸ்க்ரூ, பேனலில் ஒரு ஃபியூஸ் மூடி. நஷ்டம் சில ரூபாயோடு முடிந்துவிட வேண்டும், மறுநாள் மேடை ஏற வேண்டும்.

அடுத்த முறை ஃபியூஸ் போச்சுன்னா கடுப்பாகாதீங்க. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஏன் போனது என்று தேடுவது மட்டும்தான் உங்கள் வேலை.